வெட்டுப்பட்ட காய் திரும்பாது

என் பிரியமுள்ள சலீம் அண்ணனுக்கு, உன் பரீதாவின் சலாம்.

சண்டை போட நீ இல்லாமல் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காலையிலிருந்து படகுத்துறைக்கும் வீட்டுக்குமாக அலைகிறேன். போட்டு வைத்த சாயா ஆறிப்போய்விட்டது. நாளைக்குள் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். உன்னைக் கேட்காமல் எப்படிச் சொல்வேன்?

விஷயம் இதுதான். நாம் இரண்டு பேரும் சண்டை போட்டுப் போட்டு உருவாக்கிய 'காலக்கப்பல்' ஆட்டத்தை எர்ணாகுளத்தில் ஒரு கம்பெனி அச்சடித்து, பெட்டியில் போட்டு விற்கப்போகிறது. கடலுக்குள் மூழ்கிவிட்ட கொச்சியிலிருந்து கிளம்பி, பழைய காலங்களுக்குப் போய் ஊரைக் காப்பாற்றுகிற அதே ஆட்டம்தான். எத்தனை வருஷம் பின்னால் போவது என்று எதிராளியோடு துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேரம் பேச வேண்டுமே, நீ மிளகு மண்டியில் தரகு பேசுகிற மாதிரி? அதைப் பார்த்ததும் கம்பெனிப் பிள்ளைகளுக்கு ஒரே குஷி. துண்டையும் பெட்டியிலேயே வைத்துக் கொடுப்பார்களாம்.

ஒன்றை மட்டும் மாற்றச் சொல்கிறார்கள். வெட்டுப்பட்ட காய் திரும்பாது என்று நீ வைத்த விதியை. காலத்தில் பின்னால் போக முடிகிறதென்றால் செத்தவனை மட்டும் ஏன் கூட்டிவர முடியாது என்று கேட்கிறார்கள்.

நான் என்ன சொல்வேன்? வருஷக்கணக்காக நானும் அதைத்தானே கேட்டேன்? அதற்காகப் பலகையைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போயிருக்கிறேன். நீ சிரித்துக்கொண்டே காய்களைப் பொறுக்குவாய். ஒரு தடவையாவது காரணம் சொன்னாயா? பிடிவாதக்காரன்.

நேற்று மத்தியானம் மதினியை உட்காரவைத்து, விதியை மாற்றி ஆடிப் பார்த்தேன். நீ கண்ணை மூடியபிறகு அவர் அந்தப் பலகையைத் தொட்டதே இல்லை. உன் தலைவன் காயாக நீ எப்போதும் வைக்கும் ஜாதிக்காயைத்தான் எடுத்துக்கொண்டார். நான் அதை வெட்டினேன். மதினி துண்டுக்கடியில் பேரம் பேசி, பழைய காலத்துக்குப் போய், அதைக் கூட்டிவந்து பலகையில் வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். இத்தனை நாள் இதைச் செய்யவிடாமல் தடுத்தாயே என்று உன்மேல் ஆத்திரமாக வந்தது.

அடுத்த முறையே அதைக் கொண்டுபோய் என் காய்களுக்கு நடுவில் நிறுத்தினார். வெட்டுப்பட்டது. மறுபடி கூட்டிவந்தார். மறுபடி அங்கேயே நிறுத்தப் போனார்.

"மதினி, பாத்து வைங்க. போயிரும்," என்றேன்.

"போனா என்ன பரீதா? அதான் திரும்ப வருமில்ல."

சொல்லிவிட்டு, காயிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நீ அந்த ஜாதிக்காயை எப்படிப் பொத்திப் பொத்தி நகர்த்துவாய், நாங்கள் எப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம் என்பதெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. மதினிக்கும் அதுதான் வந்திருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து கூப்பிட்ட மாதிரியே உன்னை அவர் இன்னும் இக்கா என்றுதான் சொல்கிறார்.

"வேண்டாம் பரீதா. இக்கா வெச்ச மாதிரியே இருக்கட்டும்."

அதற்குப் பிறகு நாங்கள் ஆடவில்லை. எனக்கு உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. நீ சொன்னது சரி என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை, அண்ணே. அது தப்பாக இருந்திருக்கக் கூடாதா?

நாளைக்குப் போய் விதி மாறாது என்று சொல்லிவிடுகிறேன். அப்படியானால் பெட்டி வேண்டாம் என்பார்களோ என்னவோ, சொல்லட்டும். நான் இருக்கிறவரை அதை யாரும் மாற்ற முடியாது, இது என் வாக்கு. இத்தனை வருஷச் சண்டையில் கடைசியில் நீதான் ஜெயித்தாய். ஜெயித்தவன் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டாமா?

இன்னும் கோபம் தீராத உன் தங்கச்சி,
பரீதா
மட்டாஞ்சேரி