மயில் போட்ட காசு

ராயபுரம், திருப்பூர்
28-3-66

சிரஞ்சீவி திருமூர்த்திக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சௌக்கியம், நீ தையல் பிரித்து எழுந்து நடப்பதாகக் கடிதம் வந்ததிலிருந்து இன்னும் கொஞ்சம் கூடுதல் சௌக்கியம். இங்கிலாந்தில், அந்த லெஸ்டர் குளிரில் வெறும் பனியனோடு வெளியே போகாதே, நம் கம்பெனிப் பனியன்தான் என்றாலும் அதற்கும் ஓர் அளவு உண்டு. இங்கே நூல் விலை ஏறிக்கொண்டே போகிறது, புது மெஷின் பாதி நாள் தூங்குகிறது, நீ படித்து முடித்து வந்து அதை எழுப்பினால் சரி.

இனி என் காசு சமாசாரம். என் பழங்காசுப் பெட்டியில் மயில் போட்ட வெண்கலக் காசு ஒன்று இருந்ததே, ஒரு பக்கம் ரோமாபுரி ராஜா தலை, மறுபக்கம் மயில், சுற்றிலும் கிரேக்க எழுத்து, சாமோஸ் தீவில் அடித்தது. உன் அப்புச்சி மாமனார் சீராக எனக்குக் கொடுத்த வெள்ளிக் காசுகளைக் கோயமுத்தூர்க்காரர் ஒருவரிடம் கொடுத்துத்தான் அதை மாற்றி வந்தேன், வெள்ளியைக் கொடுத்துச் செம்பை வாங்கின மனுசன் என்று உன் அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். உனக்கு ஆபரேஷன் என்று தந்தி வந்த அன்று நான் தபாலாபீசுக்கு ஓடியிருந்த நேரத்தில், அவள் பெட்டியைத் திறந்து அந்தக் காசை மஞ்சள் துணியில் முடிந்து பழனியாண்டவருக்கு வேண்டிக்கொண்டுவிட்டாள். நீ தேறிய சேதி வந்து, உண்டியலில் போடுவதற்கு அவள் முடிப்பை எடுத்தபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. பதறிப்போனேன். மயிலைப் பார்த்துச் சாமி காசு என்று எடுத்துவிட்டாய், அது கிரேக்கர்களுடைய ஏதோ அம்மனின் மயில், பழனி மயில் இல்லை, பதிலுக்குப் பத்து ரூபாய் போட்டுவிடலாம் என்று வெகுநேரம் விளக்கினேன். அடுப்படியை விட்டு எழாமலே கேட்டுவிட்டு, "மயிலுக்காக எடுக்கலீங்க. இந்த ஊட்டுல நீங்க உசுரா வெச்சிருக்கறது அது ஒண்ணுதானுங்க. அதனாலதான் அதையே முடிஞ்சேன்" என்றாள். முடிப்பை வாங்கி நானே பத்திரப்படுத்தினேன்.

கிருத்திகைக்குப் பழனி போனோம். மலையேறி முடிக்கிற வரைக்கும் மடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன், பொய் சொல்வானேன். உண்டியல் முன்னால் என் முகத்தைப் பார்த்து அவளுக்கே மனசு கேட்கவில்லை, வேண்டுமானால் ரூபாயே போடுங்கள், சாமியிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றாள். நான் காசைத்தான் போட்டேன்.

கனமான எதையும் தூக்காதே, வேளைக்குச் சாப்பிடு, அம்மா பெயருக்கும் தனியாக ஒரு கடிதம் போடு. அங்கே பழங்காசுக் கடை கண்ணில் பட்டால் எனக்கென்று எதுவும் வாங்காதே, விலையை மட்டும் விசாரித்து எழுது. ஆண்டவன் உன்னை நோய்நொடி இல்லாமல் வைக்கட்டும். உன் அம்மா சொன்னதில் ஒன்று மட்டும் தப்பு, நான் உயிராக வைத்திருப்பது அந்தக் காசு ஒன்றைத்தான் என்றாளே, அது. அவளிடம் சொல்ல வாய் வரவில்லை, உனக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
நாச்சிமுத்து