முன்சக்கரங்கள் உள்ளே பார்க்க வேண்டும்

பிப்ரவரி 4, ஞாயிறு

அப்பா கட்டிய கார் இன்று முதன்முறையாக ஓடியது. நேராக மட்டும் ஓடவில்லை. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் வலது, இடது, மறுபடி வலது என்று அலைந்து, அம்மா காயப்போட்டிருந்த போர்வைக்குள் புகுந்து நின்றது. போர்வைக்குள்ளிருந்து அப்பாவின் குரல்: "பிரேக்கு நல்லாப் பிடிக்கி, பாத்தியா!"

அம்மா சிரிக்கவில்லை. மாயாபுரி காயலான்கடைகளில் அப்பா வாங்கிய பழைய இரும்பெல்லாம் எங்கள் பால்கனியில்தான் குடியிருக்கிறது. "அடுத்த ஞாயித்துக்கெழம நான் பக்கத்துல உக்காருவேன். நேராப் போகலன்னா கபாடிவாலாவக் கூப்பிட்டுருவேன்" என்றாள்.

கூப்பிடுவாள். என் பழைய சைக்கிள் அப்படித்தான் பழைய இரும்புக்காரனிடம் எடைக்குப் போனது.

பிப்ரவரி 6, செவ்வாய்

பள்ளி நூலகத்தில் மோட்டார் புத்தகம் கிடைத்தது! முன்சக்கரங்களின் முன்பக்கம் ஒரு துளி நெருங்கியிருக்க வேண்டுமாம், குழந்தை கால் பெருவிரல்களை உள்ளே திருப்பி நிற்குமே, அப்படி. விலகியிருந்தால் வண்டி அலையும். வீட்டில் நடந்து காட்டினேன்.

"ஏட்டி, காலு சரியாத்தான் இருக்கு. ஒங் கண்ணாடிதான் கோணல்" என்றார் அப்பா. ஆனால் அளக்கும் வேலை எனக்குத்தான்.

பிப்ரவரி 7, புதன்

கபாடிவாலாவின் நம்பர் ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டப்பட்டிருக்கிறது.

பிப்ரவரி 10, சனி

ஓட்டுபவரின் எடையோடுதான் அளக்க வேண்டும். அதனால் அப்பா ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே. கீழ்வீட்டு பல்லா அங்கிள் ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில். இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் கம்பியைத் திருகுவது அவர். நான் டேப்போடு.

பதற்றம் வந்தால் அப்பாவுக்கு ஹிந்தி போய்விடும். "உள்ளதான்! உள்ளதான்!" என்று கத்தினார். "ஹாங் ஜி, ஹாங் ஜி" என்று அங்கிள் திருகினார். அளந்தேன். முன்பக்க இடைவெளி கூடியிருந்தது.

"டேப்ப ஒழுங்காப் பிடிட்டி."

பிடித்தேன். இன்னும் கூடியது. மறுபடி. இன்னும். அப்பா என் கண்ணாடியைப் பார்த்தார். அம்மா பால்கனியிலிருந்து எல்லாரையும் பார்த்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது — நான் தப்பாவா அளக்கேன்? எனக்கு மில்லிமீட்டர் கூடவா தெரியாது?

அப்போது அடியிலிருந்து மூச்சுவாங்கும் குரல்: "அரே பாய், மை தோ அந்தர் லா ரஹா ஹூங், ஆப் ஹர் பார் உல்டா போல்தே ஹோ!"

உல்டா! 'தலைகீழ்' என்பதற்கு ஹிந்தி வார்த்தை; அப்பாவின் 'உள்ளதான்' அங்கிள் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது!

அங்கிள் ஒவ்வொரு தடவையும் சரியாக 'அந்தர்', அதாவது உள்பக்கம்தான், திருகத் தொடங்கியிருக்கிறார். அப்பா "உள்ளதான்" என்று கத்தியதும், எதிர்ப்பக்கம் திருகச் சொல்கிறார் என்று நினைத்து, கீழ்ப்படிதலோடு வெளியே திருகியிருக்கிறார்!

இரண்டு பேருக்கும் இரண்டு மொழியில் விளக்கினேன். அங்கிள் மீசையில் கிரீஸோடு வெளியே வந்து, சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஆபீஸ் ஹிந்திப் பரீட்சையில பரிசு வேற வாங்கிருக்காக" என்றாள் அம்மா, மேலேயிருந்து.

அதன் பிறகு அப்பா 'அந்தர்' தவிர வேறு வார்த்தை பேசவில்லை. கடைசியில் முன்பக்கம் பின்பக்கத்தைவிட இரண்டு மில்லிமீட்டர் குறைவு. நட்டை இறுக்கினோம். நாளை?

பிப்ரவரி 11, ஞாயிறு

அம்மா ஏறினாள், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு. நான் அந்தக் கோடியில், வேப்பமரத்தடியில் நின்றேன். கார் என்னைப் பார்த்தே வந்தது. பாதி வழியில் அப்பா ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். அம்மா அலறியது மரத்தடி வரை கேட்டது. கார் மட்டும் அலையாமல், நேராக.

இறங்கியதும் அம்மா செருகியிருந்த தலைப்பை எடுத்து உதறினாள். பிறகு சொன்னாள்: "சீட்டு கல்லு மாதிரி இருக்கு."

அவ்வளவுதானா? அது சரியென்று அர்த்தமா, இல்லையா?

பிப்ரவரி 18, ஞாயிறு

சாயங்காலம் அப்பாவைத் தேடிப் போனேன். மைதானத்தில், காரில், பக்கத்து இருக்கையில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மெதுவா... மெதுவா..."

அம்மா கியரை மாற்றினாள். "பேசாம வாங்க."