பேய் முகத்துக் கரி

அன்புள்ள நண்பா,

நேற்று குற்றால சீசன் நாடகத்தில் நீ பெண்பேயாக வந்ததும் கூட்டம் அலறியது. கதாநாயகிக்கு ரோஸ் பவுடர், பேய்க்கு மட்டும் கரி. கறுத்த பெண் என்றால் பேயா? இதைக் கேட்கத்தான் மேடைக்குப் பின்னால் வந்தேன்.

அங்கே கதாநாயகன் வல்லிநாயகம் உன் தாடையைப் பிடித்து, “ஏட்டி பேயே, மூஞ்சியக் காட்டு, தொடச்சி விடுதேன்” என்றான். நீயும் சிரித்தாய்.

தேங்காயெண்ணெய் தொட்டு அந்தக் கரியை எடுப்பது இத்தனை வருடமாக என் வேலை. ஆளை மாற்றுவதென்றால் முறைப்படி சொல்ல வேண்டாமா?

நான் எலெக்ட்ரிக்கல் டிப்ளமா படித்தவன். சுற்றி வளைக்கத் தெரியாது. இன்று அவன் உன்னைத் தூக்கும் காட்சியில் விளக்கு உன் முகத்தில் மட்டும் விழும். அவன் இருட்டில் நிற்கட்டும்.

எண்ணெய்க் கிண்ணம் என்னிடம் இருக்கிறது. நாடகம் முடிந்ததும் கரியோடே வா.

இப்படிக்கு,
உன் விளக்குக்காரன்