‘ஏலாது’ என்று சொன்ன விமானி

என்ரை ரதியக்காவுக்கு,

நீ போனபிறகு எல்லோரும் உன்னைப் புகழ்கிறார்கள். எனக்கோ கோபம் அடங்கவில்லை.

போன சனிக்கிழமை உன் கம்பனி நினைவுக்கூட்டம் வைத்தது. வடக்குக் காடுகளில் ஹெலிகொப்டர் ஓட்டிய முதல் தமிழ்ப் பெண் என்று பெரிய படம். கீழே பிரெஞ்சில் ஒரு வரி: ‘எந்தக் காலநிலையிலும் முடியாது என்று சொல்லாதவர்.’

எப்படி அக்கா இவர்களுக்கு மனம் வந்தது?

செயின்ட்-மிஷேலில் டெப்பனர் என்ற மூலைச் சில்லறைக் கடையில் வேலைக்கு நின்றுகொண்டே பறக்கப் படித்தவள் நீ. லைசென்ஸ் எடுத்த பிறகும் ஹெலிகொப்டர் நிறுத்தும் ஹாங்கரில் தரை கூட்டவிட்டார்கள். பிறகுதான் பாதையே இல்லாத இடங்களுக்கு எரிபொருளையும் நில ஆய்வாளர்களையும் கொண்டுபோனாய். காயப்பட்ட வேட்டைக்காரரைத் தூக்கி வந்தாய். இறங்கும்போது பனி கிளம்பி எல்லாம் வெள்ளையாகிவிடும், ஒரு மரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு இறக்குவேன் என்று நீ சொல்ல, அம்மா சாப்பிடாமல் கேட்டுக்கொண்டிருப்பா.

அந்த மூடுபனி நாளில் நான்கு ஆய்வாளர்களை ஏற்றச் சொன்ன மேலாளரிடம் மாட்டேன் என்றாய். பயமென்றால் வீட்டில் இரு என்றார். மதியத்துக்குள் பள்ளத்தாக்கே மூடிப்போனது, அன்று எதுவும் பறக்கவில்லை. ஆனாலும் அந்தக் கோடை முழுக்க உன்னைப் பறக்கவிடாமல் தரையில் இருத்திவைத்தார்.

சனிக்கிழமை அந்த வரியை மேடையில் வாசித்தவரும் அவரேதான்.

என்ன சொல்கிறார் என்று அம்மா கேட்டா. சொன்னேன். உடனே எழும்பினா.

“இவருக்குச் சொல்லு பிள்ளை. என்ரை மகள் ஏலாது எண்டு சொன்னவள். அவள் அப்பிடிச் சொன்னபடியால்தான் நாலு பேர் உயிரோடை வீட்டை போனவை.”

நான் பிரெஞ்சில் சொன்னேன். ஒரு சொல்லையும் மென்மையாக்கவில்லை. பின்வரிசையில் ஒரு நரைத்த மனிதர் எழும்பி, அந்த நால்வரில் தானும் ஒருவன் என்றார்.

அது பாராட்டுத்தானே என்று மேலாளர் பிறகு என்னிடம் சமாளித்தார். பாராட்டா? அங்கே புதிதாகச் சேர்ந்த பெண் விமானிகள் இருவர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்களே. நாளைக்கு மூடுபனியில் பறக்கச் சொன்னால், மறுக்காத ஒருத்தியை நினைத்து ஏறிவிடமாட்டார்களா?

மாற்றுகிறேன் என்றார். இன்று காலைவரை அந்த வரி அவர்களின் இணையப் பக்கத்தில் அப்படியே கிடக்கிறது.

திங்கட்கிழமை அம்மாவும் நானும் உன் கம்பனிக்கு நேரே போகிறோம். நீ மறுத்ததை அவர்கள் எழுதும்வரை அந்தக் கதவை விட்டு நகரமாட்டோம், அக்கா.

லவாலிலிருந்து,
இனிச் சண்டை பிடிக்க அக்கா இல்லாத உன் தங்கச்சி,
மாலா