மாப்பிள்ளை கை வைத்த வண்டி

ஆடி 4, வியாழன்

காலையிலிருந்து காற்று. மாடியில் காயப்போட்ட என் லுங்கி பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில். அலசியே கொடுத்தார்கள், சோப்புதான் போடவில்லை.

வண்டி வேலை இன்று முடிந்தது. போன மாதம் முழுக்க ஒரே புகை. எஞ்சினைப் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து போர் அடித்து, புது பிஸ்டன் போட்டது என் வீட்டுக்காரி சாந்தாமணியின் தம்பி ஈஸ்வரன். பனியன் கம்பெனியில் தையல் மெஷின் மெக்கானிக்காக இருந்தவன். வைகாசியில்தான் முதலிபாளையம் எஸ்டேட்டுக்கு எதிரில் சொந்தமாக டூவீலர் ஒர்க்‌ஷாப் போட்டான். முழு எஞ்சின் பிரித்தது என் வண்டிதான் முதல். நேற்றும் இன்றும் நானும் கூடவே நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன்.

ஆறு மணிக்கு உதைத்தேன். கிளம்பவில்லை. அவன் உதைத்தான். டீக்கடைக்காரர் உதைத்தார். கடைசியில் கிளம்பியது என் செருப்பு வார்.

"தையல் மிஷினுன்னு நெனச்சு உள்ள ஊசி மாட்டிட்டியா மாப்ள?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும்தான்.

ஆடி 5, வெள்ளி

பஸ்ஸில் நின்றே போனேன். கம்பெனியில் என் கட்டிங் டேபிளில் இன்றும் மிண்ட் பச்சைத் துணி லாட். வாரம் முழுக்க அதே நிறம், கண்ணை மூடினாலும் பச்சை.

சாப்பாட்டு நேரத்தில் செக்கிங் பெண்கள் வண்டி எங்கே என்று கேட்டார்கள். கருப்பராயன் கோயிலுக்கு மண்குதிரை வைப்பதாக வேண்டுதல், மாப்பிள்ளை அதை இரும்பிலேயே செய்து கொடுத்துவிட்டான் என்றேன். சாயங்காலத்துக்குள் கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. "மாஸ்டர், குதிரை எந்திரிச்சுதுங்களா?"

எந்திரிக்கவில்லை. ஈஸ்வரன் பார்த்தது:
பிளக் – பொறி நன்றாக வருகிறது.
பெட்ரோல் – கார்புரேட்டர் வரை வருகிறது.
கார்புரேட்டர் – கழற்றி, ஊதி, மாட்டியாயிற்று.
டைமிங் செயின் – புள்ளிக்குப் புள்ளி சரி.

ஆனால் எத்தனை உதைத்தாலும் பிளக் நனையவில்லை. பெட்ரோல் உள்ளே போகவில்லை என்று தெரிகிறது. ஏன் என்றுதான் தெரியவில்லை. பிளக் துளையில் நாலு சொட்டு விட்டு உதைத்தான். ஒரே ஒரு 'டப்'. அவ்வளவுதான்.

ஆடி 6, சனி

வேறு வண்டியின் கார்புரேட்டரை மாட்டிப் பார்த்தான். அதற்கும் கிளம்பவில்லை.

பேக்கிங் குணசேகரன் தன் வண்டியை திங்கட்கிழமை ஈஸ்வரனிடம் விடுவதாக இருந்தான். இப்போது காங்கேயம் ரோட்டில் கொடுக்கப் போகிறானாம். ஏன் என்று கேட்டால், நீங்கள்தானே மாஸ்டர் சொன்னீர்கள் என்கிறான். இன்னும் இரண்டு பேர் அதே பேச்சு. டீக்கடையில் 'மண்குதிரை ஒர்க்‌ஷாப்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஈஸ்வரன் காதில் விழுந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

பின்னாலேயே போனேன்.

"மச்சான், வண்டிய வேற ஆருகிட்டயாச்சும் காட்டிக்குங்க. ஆவணியில கடையச் சாத்திப்போட்டு நான் கம்பெனிக்கே போயர்றனுங்க."

ஏதோ வேடிக்கையாகச் சொன்னேன். சிரிக்கவில்லை. சரக்கு ஆட்டோவில் வண்டியை ஏற்றிக்கொண்டு வந்தேன்.

ஆடி 7, ஞாயிறு

கறி எடுக்கவில்லை. பத்து மணிக்குச் சாந்தாமணி பிடித்துக்கொண்டாள். "நாலு ஆளு வருவாங்கன்னு அவன் கடை போட்டான். நீங்க வர்ற ஆளையும் முடுக்கி உடறீங்க."

வண்டியிடம் போய் உட்கார்ந்தேன். கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு வளைந்த குழாய். மூன்று நாளாக அதை யாரும் கழற்றவில்லை. இரண்டே போல்ட்டு. கழற்றினேன். எஞ்சின் ஓட்டைக்குள் என்னமோ அடைத்திருந்தது. குறடால் இழுத்தேன்.

துணி. மிண்ட் பச்சை.

ஈஸ்வரன் கடையில் துடைப்பது எல்லாம் வெள்ளை வேஸ்ட் துணி. இந்தப் பச்சை என் டேபிளில் மட்டும்தான் ஓடுகிறது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது. புதன்கிழமை அவன் கேஸ்கெட் வாங்கப் போயிருந்தான். காற்று மண்ணை வாரி அடித்தது. ஓட்டையில் தூசி விழுமே என்று என் பாக்கெட்டில் இருந்த துணியைத் திணித்து விரலால் ஆழமாக அமுக்கினேன். இந்த ஊரில் யார் பாக்கெட்டில்தான் பனியன் துணி இல்லை. அதற்குள் டீ வந்தது. மறந்தேன்.

குழாயை மாட்டி உதைத்தேன். இரண்டாவது உதையில் பிடித்தது. புகையே இல்லை. பால் காய்கிற மாதிரி மெதுவான சத்தம். நல்ல வேலை செய்திருக்கிறான்.

சாந்தாமணி ஓடி வந்து யார் சரி பண்ணியது என்றாள். 'நான்தான்' என்று வாய் வரை வந்தது. அது பொய்யும் இல்லை. துணியைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஆடி 8, திங்கள்

வேலைக்கு முன்னால் ஈஸ்வரன் கடை. துணியைக் கையில் கொடுத்துச் சொன்னேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மாட்டறப்பவே உள்ள எட்டிப் பாத்திருக்கோணுமுங்க. அது என்ற தப்பு," என்றான். துணியைத் திருப்பிக் கொடுத்தான்.

டீக்கடையில் சொன்னேன். மாப்பிள்ளைக்காக மாஸ்டர் பழியைத் தூக்கித் தலையில் போட்டுக்கொள்கிறார் என்று சிரித்தார்கள். கம்பெனியில் சொன்னேன். இன்னும் சிரித்தார்கள். கருப்பராயன் மேல் சத்தியம் செய்தேன். செக்கிங்கில் ஒரு அம்மாவுக்குப் புரை ஏறிவிட்டது.

சாயங்காலம் அவனிடம் போய், யாரும் நம்பவில்லை மாப்ள என்றேன்.

"சிரிச்சுக்கிட்டே சொல்லியிருப்பீங்க மச்சான். சிரிக்காமச் சொல்லிப் பாருங்க."

ஆடி 9, செவ்வாய்

சவரம் செய்யும்போது கண்ணாடியில் பழகினேன். நுரையோடு சேர்ந்து சிரிப்பு வருகிறது. கன்னத்தில் ஒரு வெட்டு.

பதினோரு மணிக்கு குணசேகரனைத் தனியாகக் கூப்பிட்டேன். முதலிலிருந்து சொன்னேன். சிரிக்கவில்லை. குணசேகரன் என் முகத்தையே பார்த்தான்.

"மேலுக்குச் சொகமில்லீங்களா மாஸ்டர்?"

நன்றாகத்தான் இருக்கிறேன், தப்பு என்னுடையது, அவன் வேலையில் ஒரு குறையும் இல்லை என்றேன். துணியை எடுத்துக் கொடுத்தேன். கறை படிந்த ஓரத்தைத் தடவிப் பார்த்தான். மோந்தும் பார்த்தான். பெட்ரோல் வாசம்.

வண்டியைச் சாயங்காலம் ஈஸ்வரனிடம் விடுகிறானாம். பிரேக் மட்டும்தானாம். எஞ்சினை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமாம்.