தோல் டாக்டர் உன்னைப் பற்றிக் கேட்டார்

மச்சான் செல்வம்,

எங்கே இருந்தாலும் நல்லா இரு. நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. உன் மகள் கவிதாவைத் தாம்பரத்தில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

பயப்படாதே. காட்டாங்குளத்தூரில் காலேஜ் இரண்டாம் வருடம் படிக்கிறாள். பொடுகு என்று ஷாம்பு மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறாள். பிறகு முழங்கையில் சிவந்த திட்டு, மேலே வெள்ளைச் செதில். உன் கையில் எத்தனை வருடம் பார்த்தது, எனக்குத் தெரியாதா? உன் மனைவிக்கும் தெரிந்துவிட்டது. வாய்விட்டுச் சொல்லத்தான் முடியவில்லை.

"இது சொரியாசிஸ்ங்கிற தோல் நோய்மா. தொட்டா ஒட்டிக்காது. அடியோட போயிடும்னு சொல்ல மாட்டேன், ஆனா நல்லா கட்டுப்பாட்டுல வெச்சுக்கலாம்" என்றார் டாக்டரம்மா. பிறகு அவள் நகங்களைப் பார்த்தார். விரல் மூட்டுகளை அழுத்திப் பார்த்தார். பிபி, எடை பார்த்து, சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் டெஸ்ட் எழுதினார். தோலுக்கு வந்தவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். இது தோலோடு நிற்காது, மூட்டுக்கும் வரலாம், இதயத்துக்கும் ஆபத்தைக் கூட்டலாம் என்றார். வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார்.

நான்தான் சொன்னேன். பக்கத்தில் இருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று ரயிலில் இடம் இருந்தும் நீ கதவோரம் நின்றே வந்ததை, விரல் வீங்கி பட்டன் போட முடியாமல் தவித்ததை, நாற்பத்தெட்டு வயதில் நெஞ்சுவலியில் போனதை. மருந்துக் கடையில் டாக்டர் சீட்டில்லாமல் உனக்கு ஆயின்மென்ட் வாங்கித் தந்தவன் நான் என்பதையும் சொன்னேன்.

"அதனாலதான் போயிட்டானா டாக்டர்?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படிச் சொல்ல முடியாது சார். வந்திருந்தா எல்லாத்தையும் பாத்திருப்போம். அவ்ளோதான் சொல்ல முடியும்."

நீ வெட்கப்பட்டு ஒளித்தாய். நான் தோல்தானே என்று இருந்துவிட்டேன். உனக்கு என் மேல் கோபம் உண்டா மச்சான்?

வெளியே வந்ததும் கவிதாவும் நானும் ஆட்டோ ஸ்டாண்டுக்கு நடந்தோம். அப்புறம் கேட்டாள்.

"மாமா, அப்பா என்னைத் தூக்கினதே இல்ல. கையப் புடிச்சா கூட உருவிப்பாரு. எனக்கு ஒட்டிக்கும்னு பயந்தாரா?"

ஆமாம் என்றேன். அந்த ரோட்டோரத்திலேயே அழுதாள். "என்னைப் புடிக்கலன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் மாமா" என்றாள்.

உன் வாயால் அவளிடம் சொல்லியிருக்க வேண்டிய பதில். நான் சொல்லிவிட்டேன்.

டெஸ்ட் வந்துவிட்டது, அவளுக்குச் சர்க்கரை இல்லை. மூட்டு நன்றாக இருக்கிறது. கொழுப்பு மட்டும் கொஞ்சம் கூட, சாயங்காலம் அம்மாவும் மகளும் நடக்கப் போகிறார்கள். மருந்தில் திட்டுகள் மங்கிக்கொண்டு வருகின்றன.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டுமாம். பரீட்சை, வேலை, கல்யாணம் என்று அவள் தள்ளிப்போடப் பார்த்தாலும் விடமாட்டேன். கையைப் பிடித்து அழைத்துப் போவேன்.

உன் மச்சான்,
உன் மகளுக்கு மாமா,
சேவியர்