ஆத்தங்கரைக் கல்லு

இஞ்சாருங்கோ,

உங்கடை விசா இன்னும் சரிவரேல்லையோ? நீங்கள் சுவிசுக்கு வந்தால் முதல் காட்டவெண்டு நினைச்சிருந்தது, எங்கடை மகன்ரை சாம்பலைக் கரைச்ச ஆத்தங்கரையை. அதிலை பெரிய சுப்பர்மார்க்கெட் கட்டப்போகினமாம்.

தங்கடை கடையள் படுத்துப்போகுமெண்டு ஊர்ச்சனம் எதிர்த்துது. நானும் போனன். "உனக்குச் சாமான் மலிவாய் வருமெல்லே, நீயேன் வாறாய்?" எண்டு பாண் சுட்டு விக்கிற கடைக்கார மார்த்தா பகிடி விட்டா. நான் சிரிச்சுப்போட்டு அவவோடை நடந்தன்.

ஊர்க்கூட்டத்திலை வேண்டாமெண்டவை கை தூக்க, நானும் தூக்கினன். எண்ணினவர், "வெளிநாட்டாக்களுக்கு வாக்கில்லை, அம்மா" எண்டார். எனக்குக் கை இறங்கேல்லை.

தோத்துப்போனம். வெளியிலை வந்துதான் மார்த்தாவுக்கு மகனைப் பற்றிச் சொன்னன். அடுத்தநாள் அவ பாண் வண்டிலோடை வந்தா. நான் குந்தியிருந்து சாம்பல் கரைச்ச கல்லை ரண்டுபேருமாய்க் கிளப்பி, வண்டிலிலை ஏத்தி வீட்டை கொண்டந்தம்.

யன்னலோரம் கிடக்கு. வந்து தொட்டுப் பாருங்கோ.

அவன்ரை அம்மா